நடுவயதில் காணும் நீரிழிவும் அதனோடு வாழும் முறையும்

நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் அங்கத்தினர்களுள் பலரும் நினைப்பது, இனி இனிப்பு உண்ணலாகாது என்பதே. அந்நினைவு பிழையன்று, எனினும் அது நோயின் ஓரத்தைத் தொடுகிறதேயன்றி நடுவைத் தொடவில்லை. இந்நோயைக் குறித்து முதற்கண் அறியவேண்டுவது வேறு. இது வலிக்காத நோய். பல்வலி கண்டவன் அன்றே வைத்தியரைத் தேடிப் போகிறான். தேள் கொட்டியவன் நள்ளிரவென்று பாரான். நீரிழிவு உற்றவனோ பல ஆண்டுகள் தறியில் அமர்ந்து நெய்கிறான், வயலில் வரப்பு வெட்டுகிறான், சந்தைக்குப் போய் வருகிறான். தனக்கு ஒரு குறையுமில்லை என்றே நம்புகிறான். உடம்பு எச்சரிக்கை செய்யாத இடத்தில் கணக்குத்தான் எச்சரிக்கை செய்யவேண்டும். இப்பாடம் அக்கணக்கைப் பற்றியது.

இதனை எழுதுகிறவன் கேள்வியறிவை மட்டும் கொண்டு எழுதவில்லை. எனக்கு 44 வயது நடந்தபோது, சங்கக் கட்டடத்தில் நடந்த மருத்துவ முகாமில் மற்றவரோடு நானும் வரிசையில் நின்று விரலை நீட்டினேன். 268 என்று குறித்துக் கொடுத்து, மறுநாள் வெறும் வயிற்றோடு வருமாறு சொன்னார்கள். நான் போகவில்லை. கருவி பழுது என்று வீட்டில் சொன்னேன். மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். தந்தைக்கு வியாதி என்ற பேச்சு வெளியில் பரவலாகாது என்பது உள்ளிருந்த காரணம். இரண்டு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. அதற்கு நான் செலுத்திய வட்டியைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நோயின் இயல்பை முதலில் காண்போம். சோறாயினும் களியாயினும் தோசையாயினும், நாம் உண்ணும் உணவிலுள்ள மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதனை இரத்தத்திலிருந்து தசைகளுக்குள் புகவிடுவது இன்சுலின் என்னும் சுரப்பு. வயிற்றின் பின்புறத்தில் அமைந்த கணையம் அதனைச் சுரக்கிறது. அறுவடைக் காலத்தில் களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது என்று கொள்வோம். களஞ்சியத்தின் கதவு துருவேறி இறுகிவிட்டது. திறக்கும் ஆளும் நாளடைவில் களைத்துப்போனான். களத்தில் நெல் மலைபோல் நிற்கும். வீட்டுக்குள் குதிர் வெறுமையாக இருக்கும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கவும் உடம்பு சோர்ந்து மெலிவது இவ்வாறே. மிகுந்த சர்க்கரை நீரோடு வெளியேறுவதால் அடிக்கடி சிறுநீர் கழிகிறது, தாகம் எடுக்கிறது. அச்சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்ட நம் பழைய வைத்தியர்கள் இதற்கு மதுமேகம் என்று பெயரிட்டனர்.

குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் திடீரென வரும் நீரிழிவு ஒன்று உண்டு. அதில் கணையம் இன்சுலினை அறவே சுரவாது போகிறது. வளர்ந்தவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. இதில் முதலில் கதவு இறுகுகிறது. பின்னரே ஆள் களைக்கிறான். நோய் கண்டறியப்படும் நாளிலேயே கணையத்தின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி குன்றியிருப்பது உண்டு. ஆகவே ஆண்டுகள் செல்லச் செல்ல மாத்திரையின் அளவு கூடுமாயின், அது நோயாளியின் குற்றமென்று வீட்டார் ஏசுவது தகாது.

உழைப்பாளிக்குச் சர்க்கரை வியாதி வராது, அது பட்டணத்துச் செல்வர்களின் நோய் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை நெடுநாளாக இருந்துவருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உற்றோர் 10.1 கோடி; அதன் வாயிலில் நிற்போர் மேலும் 13.6 கோடி. நகரங்களில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 16.4 பேர், கிராமங்களில் 8.9 பேர். நூற்றுக்கு ஒன்பது என்பது சிறு தொகையன்று. 300 அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்திற்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பருத்த உடம்பினருக்கே வரும் என்பதும் முற்றும் உண்மையன்று. நம் நாட்டவர் கைகால் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்பைச் சுமக்கிறார்கள். ஆகையால் எடையைக் காட்டிலும் இடுப்பளவு நல்ல சான்று. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நமக்கு வகுக்கப்பட்ட எல்லை. நெசவாளர்க்கு எளிதாகச் சொன்னால், ஆணின் இடுப்பு ஒரு கெஜத்தை எட்டலாகாது. தாய் தந்தையருக்கு நீரிழிவு இருந்தவர்களும், பிள்ளைப்பேற்றுக் காலத்தில் சர்க்கரை கண்டு பின் மறைந்த தாய்மார்களும் இவ்வளவுக்குள் இருப்பினும் ஆண்டுதோறும் இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும்.

இனி எண்கள். எட்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாதிருந்து எடுத்த இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்குச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர். 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி கழித்து எடுத்ததில் 200-ஐ எட்டினாலும் அவ்வாறே. மூன்றாவது ஒரு சோதனை உண்டு, எச்.பி.ஏ.1.சி. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வது. அது வாழும் காலமெல்லாம் சர்க்கரை அதன்மேல் படிகிறது. அப்படிவை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. நோய் உற்றபின் அதனை 7-க்குள் நிறுத்துவது பலருக்கும் இலக்கு. முதியோர்க்கும் வேறு நோய் உடையோர்க்கும் டாக்டர் சற்றுத் தளர்த்துவார்.

விரல்நுனியில் எடுக்கும் சோதனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மவர்க்கு விளக்குவது எளிது. முன்னது அன்றைய ரொக்கக் கையிருப்பு. பின்னது தணிக்கை. டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து நல்ல எண்ணைக் காட்டுவோர் பலர், நானும் காட்டியிருக்கிறேன். தணிக்கை நாளன்று மட்டும் பெட்டியில் பணத்தை வைக்கும் காரியதரிசியை நாம் என்ன செய்வோம்? மூன்று மாதச் சோதனையில் அந்த வித்தை செல்லாது.

எண்ணைக் குறைப்பதால் பயன் உண்டா என்ற ஐயத்திற்கும் விடை உண்டு. இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டு தொடங்கி, புதிதாக நோய் கண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாக அடக்கியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்களில் வரும் கேடு நூற்றுக்கு 25 பங்கு குறைந்திருந்தது.

உணவுக்கு வருவோம். அரிசியை விட்டுக் கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் மாறிவிட்டேன், ஆகவே வேண்டுமட்டும் உண்ணலாம் என்று சொல்லுவோர் எங்கும் உளர். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம், கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. வேறுபாடு இவ்வளவே. கேழ்வரகிலும் முழுக்கோதுமை மாவிலும் நார்ச்சத்து மிகுதி என்பது உண்மை. ஆனால் கேழ்வரகை மையாக அரைத்து, வடிகட்டி, கூழாகக் காய்ச்சிச் செம்பு நிறையக் குடித்தால் அது சோற்றினும் விரைவாகவே சர்க்கரையை ஏற்றும். தானியத்தை மாற்றுவதினும் அளவை மாற்றுவதே முதல் வேலை. தட்டில் பாதிப் பங்கு கீரையும் காயும், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, எஞ்சிய கால் பங்கு சோறு. காயை முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்பதும் நலம். உருளை, மரவள்ளி முதலிய கிழங்குகளைக் காய்க் கணக்கில் சேர்க்கலாகாது. அவை சோற்றுக் கணக்கு.

வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரையே. இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு வருத்தம். எனினும் இரத்தம் நிறத்தைப் பார்ப்பதில்லை. தறிக்கு நடுவே பருகும் தேநீரைப் பலரும் உணவாகவே கருதுவதில்லை. நாள் ஒன்றுக்கு 6 குவளை. குவளைக்கு 2 தேக்கரண்டி. தேக்கரண்டிக்கு 4 கிராம். நாளைக்கு 48 கிராம், மாதத்திற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. என் வீட்டில் இக்கணக்கைப் போட்டவள் பள்ளியில் படித்த என் இளைய மகள்.

ஆண்கள் உண்டபின் மிஞ்சியதை மூன்று மணிக்கு உண்ணும் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. தார் சுற்றி, சமைத்து, எல்லாருக்கும் படைத்துவிட்டு, காய் தீர்ந்துபோன சட்டியில் வெறுஞ்சோற்றைப் பிசைந்து உண்டால் எந்த மருந்தும் பயன்தராது. நீரிழிவுற்ற பெண் குறித்த நேரத்தில், காய் உள்ளபோதே உண்ணுவது வீட்டாரின் பொறுப்பு.

வேலையைப் பற்றிச் சிலருக்கு ஐயம். நெசவில் கையும் காலும் அசைகின்றனவே, தனியே நடக்கவேண்டுமா என்பர். வேண்டும். குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்தே இருக்கிறோம். விசைத்தறிக்காரர் நின்றே இருக்கிறார். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் கால் மணி நேரம் நடப்பது அவ்வேளைச் சர்க்கரையை நேரே தணிக்கும்.

இதற்கு மாறான ஓர் ஆபத்தும் உண்டு. அது சர்க்கரை மிகத் தாழ்ந்துபோதல். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உண்போரும் இன்சுலின் போடுவோரும் இதனை நன்கு அறிதல் வேண்டும். மெட்பார்மின் ஒன்றை மட்டும் உண்போர்க்கு இது அரிது. பண்டிகைக்கு முன் சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால், அல்லது வெள்ளிக்கிழமை விரதமென்று மாத்திரையோடு பட்டினி கிடந்தால், கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பார்வை மங்கும், காரணமின்றிக் கோபம் வரும். எண் 70-க்குக் கீழே இறங்கியிருக்கும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து குடித்தல் வேண்டும். 15 நிமிடம் பொறுத்துத் தெளியாவிடின் மறுபடியும் அவ்வளவே. தெளிந்தபின் உணவு. நினைவு தப்பியவர் வாயில் ஒன்றும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் போகும், நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. தள்ளாடிக் குழறுகிறவனைக் குடித்திருக்கிறான் என்று விட்டுவிட்டுப் போவது ஊர் வழக்கம். கிணற்றுமேட்டில் தனியே நீர் பாய்ச்சும் விவசாயி மடியில் ஒரு பொட்டலம் சர்க்கரை முடிந்து வைத்திருப்பது நலம். சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரையா என்று சிரிப்பவர் சிரிக்கட்டும்.

இனி, நான் சொல்லுவதாகக் கூறிய வட்டி. 46 வயதில் ஒரு நாள் மாலை தறியிலிருந்து எழுந்து வீட்டுக்குள் நடந்தேன். தரையில் சிவப்புச் சாயம் சிந்தியிருக்கிறதே என்று என் மனைவி கேட்டாள். சாயமன்று, என் இடது பாதத்தின் சுவடுகள். மிதிபலகையிலிருந்து பெயர்ந்த சிலாம்பு ஒன்று இரண்டாம் விரலின் அடியில் ஏறி நின்றது. எப்பொழுது ஏறியதென்று எனக்குத் தெரியவில்லை. துளியும் வலிக்கவில்லை. வலிக்காததைப் பெரிதாக எண்ணாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, மறுநாளும் அதே பலகையை மிதித்தேன். ஆறாம் நாள் விரல் கறுத்தது. விரலை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் குழியில் இறங்கவில்லை. பாதியில் நின்ற பாவு சங்கத்திற்குத் திரும்பிப் போயிற்று. மகளின் கலியாணத்திற்குச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் போயிற்று. எதை மறைத்தால் கலியாணம் நன்கு நடக்கும் என்று எண்ணினேனோ, அதை மறைத்ததாலேயே அது ஓராண்டு தள்ளிப்போயிற்று.

சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் காலின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. முதலில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். செருப்பு கழன்றதும் தெரியாமல் நடப்பார்கள். பின்னர் எரிச்சலும் போய்விடும். எரிச்சல் நின்றது குணமென்று மகிழ்வோர் உண்டு. அது குணமாயிருக்க வேண்டுமென்பதில்லை. உணர்வே போய்விட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

வலி எத்தகைய காவலன் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய பணி நம் வேலூரில் நடந்தது. 1946-ஆம் ஆண்டு அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே உதிர்வதில்லை, உணர்வற்ற உறுப்பில் பட்ட காயமும் ஓயாத அழுத்தமுமே அவற்றை அழிக்கின்றன என்று கண்டார். அவ்வழுத்தத்தைத் தாங்கும் மென்மையான நுண்ணறை ரப்பர்ச் செருப்பு அங்கு வளர்ந்த முறைகளில் ஒன்று. பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபோது, அதே அறிவை அவர் நீரிழிவாளர் கால்களுக்கும் பயன்படுத்தினார். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் கேட்டு வாங்குவது அந்த ரப்பரால் ஆனதே.

ஆகவே காலுக்கு மட்டும் தினக்கணக்கு வேண்டும். இரவு படுக்குமுன் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்த்தல். அடிப்பாதம் தெரிய ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்தல். கண் மங்கியவர் வீட்டாரைக் கொண்டு பார்க்கச் செய்தல். விரலிடுக்கை ஈரமின்றித் துடைக்க வேண்டும். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் அதன்மேல் ஆணிமருந்து ஒட்டுவதும் கேடு. களைப்புத் தீர வெந்நீரில் காலை வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுக. கால் பொறுப்பதாகச் சொல்லும் சூட்டில் தோல் வெந்துபோகும். வயல் வரப்பில் வெறுங்காலோடு நடப்பதும், நடுப்பகலில் கோயில் கல்தளத்தைச் சுற்றுவதும் அவ்வாறே. காலையில் சென்று வழிபடலாம்.

மிதிபலகையில் செருப்போடு நெய்தல் இயலாதே என்பீர்கள். நான் பலகையை இழைத்து, பழைய வேட்டியை நான்கு மடிப்பாகச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். காலில் தடித்த பருத்தி உறை அணிகிறேன். அது வெள்ளையாகவே இருக்கவேண்டும். இரத்தம் கசிந்தால் வலி சொல்லாததை வெள்ளைத் துணி சொல்லும்.

கண்ணைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவேன். விழித்திரையில் கேடு தொடங்கும்போது பார்வை குறைவதில்லை. இழை தெரியாமற் போனபின் வருவோர்க்குச் செய்யக்கூடியது குறைவு. ஆண்டுக்கொருமுறை கண்ணில் மருந்திட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குச் செய்யும் சோதனை இதுவன்று. நோய் கண்ட புதிதில் கண்ணாடி வாங்க விரையவும் வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லையும் உப்பி வடிகிறது. எண் அடங்கிச் சில வாரம் கழித்து வாங்கினால் பணம் வீணாகாது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் ஆண்டுக்கொருமுறை காண்க. இரத்த அழுத்தம் உடன் இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பீராக. நீரிழிவாளரைக் காசநோய் எளிதில் பற்றும். புகை பிடிப்பவர் அதனை விட்டாலன்றிக் காலைக் காத்தல் அரிது.

மருந்தில் நம்மவர்க்கு இரண்டு அச்சங்கள். மாத்திரை உண்டால் சிறுநீரகம் கெடும் என்பது ஒன்று. சிறுநீரகத்தைப் பெரிதும் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் அடங்காத இரத்த அழுத்தமுமே. 1957-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் மெட்பார்மின், ஒரு மூலிகையின் சத்தை ஆராய்ந்ததன் வழியே உருவானது. சிறுநீரகம் முன்னமே தளர்ந்தவர்க்கு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும். அதனை டாக்டர் சொல்லவேண்டும், திண்ணைப் பேச்சு சொல்லலாகாது. இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்பது மற்றோர் அச்சம். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோவில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனை மீட்ட மருந்து அது. அதனைக் கண்டவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கு அளித்துவிட்டனர். கூட்டுறவாளர் அறியத்தக்க விற்பனை! திறவாத புட்டியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்கவேண்டும், உறையவிடலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், பயன்படுத்தி வரும் புட்டியை மட்டும், ஈர மணலிட்ட பெரிய மண்பானைக்குள் சிறுபானை வைத்து நிழலில் காத்து, நான்கு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம்.

அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இம்மாத்திரைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ், அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. எனவே பணமில்லை என்பதைக் காட்டிலும், பெயரைப் பதிந்தால் ஊர் அறியும் என்ற கூச்சமே பலரைத் தடுக்கிறது. அக்கூச்சத்தின் விலையை நான் எழுதிவிட்டேன்.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். தேதி, வெறும் வயிற்று எண், உணவுக்குப் பிந்திய எண், மூன்று மாத எண், இரத்த அழுத்தம் ஆகியவற்றை எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டும், உண்ணும் மாத்திரைகளின் அட்டையும், நாட்டு மருந்து உண்டால் அதன் பொட்டலமும் கையில் இருக்கட்டும். கூட்டம் மிகுந்த நாளில் அவர் எண்ணை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதிவிடக் கூடும். அவர் கேளாவிடினும் செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் காட்டிவிட்டு எழுந்து வாருங்கள்.